சிவப்பு வண்டியில் வியாகுலம்மாள்

அந்தச் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங்கில் தன் கை தவிர வேறு கை படக்கூடாது என்று யேசுதாசன் சபதம் எடுத்தார். சபதம் எடுப்பதில் மனிதர் சூரர். எடுத்ததை எங்கே இறக்கி வைப்பது என்பதில்தான் அவருக்கு எப்போதும் சிக்கல்.

ஓமானில் பதினான்கு வருடம் கம்பெனி லாரி ஓட்டியவர். இப்போது குளச்சலில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார். நெடுநாள் ஆசைப்பட்டு, புரோக்கர் ராஜகுமார் மூலமாக இந்தக் காரைப் பிடித்தார். பழைய வண்டிதான், ஆனால் வயது ஒன்றரை. ஆள் சின்னது, நிற்கிற நிற்பில் மட்டும் பந்தயத்துக்குப் புறப்பட்ட திமிர். வாங்கி வந்த அன்று மனைவி அஜிஷாவை முற்றத்துக்கு இழுத்து வந்து சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"ஏட்டி, முகத்தப் பாரு. லைட்டு ரெண்டும் எப்படி மொறைச்சிட்டு நிக்கு!"

"ஒங்க அம்மைக்க சாடை அடிக்கு."

"செவப்பு ஒடம்பு, கருப்புக் கூரை. பொறத்த ஒரு செறகு வேற."

"செறகு எதுக்கு?"

"வேகத்துல வண்டி பொங்கிராம ரோட்டோட அமுக்கிப் பிடிக்கும்."

"நம்ம ரோட்டுல அந்தச் சோலிய குழியே பாத்துக்கிடும்."

"உள்ள வந்து பாரு. கருப்பு சீட்டுல செவப்பு நூலு. எப்படி?"

அஜிஷா மார்த்தாண்டத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். விரலால் தடவிப் பார்த்தாள். "ரெட்டைத் தையலு. கொள்ளாம்" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. யேசுதாசனுக்குப் புல்லரித்தது. அடுத்து அவள் பின்சீட்டில் உட்கார்ந்து முட்டு தாடையில் இடிக்கிறது என்றாள், டிக்கியைத் திறந்து ஒரு அரிசிச் சாக்கு படுக்காது என்றாள், கடைசியில் ஓட்டுகிற சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"இது எனக்கு நல்ல அளவாட்டு இருக்கு. நாளைக்கு முதல் நான் கடைக்கு இதுல போறேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கடைக்குப் போக ரெண்டு பஸ் மாற வேண்டும். அவரோ மீன் வாடை பிடிக்கும் என்று ஏலத்துக்குப் பைக்கில்தான் போவார். வண்டி வாரத்தில் ஆறு நாள் ஷெட்டில் உறங்கப்போகிறது. மறுக்க ஒரு காரணமும் இல்லாதபோது பொய்தானே வாயில் வரும்?

"எறங்குட்டி! அந்த சீட்டுல இருக்காத!"

"ஏன்?"

குரலைத் தாழ்த்தினார். "சொல்லாண்டாம்னுதான் இருந்தேன். முதல்ல இந்த வண்டி வச்சிருந்தவன் அருமனைக்காரன். அவனுக்க பெண்டாட்டி இந்த சீட்டுல இருந்த இருப்புல நெஞ்சு நிண்ணு செத்துப் போனா. பொறவு எந்தப் பொம்பள அதுல இருந்தாலும்..."

மிச்சத்தை இருமலில் விட்டுவிட்டார். அஜிஷா சிலுவை போட்டுக்கொண்டு சட்டென்று இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"அவளுக்க பேரு என்ன?"

"பேரா?" வாயில் வந்தது விழுந்தது. "வியாகுலம்மாள்."

அன்று முழுக்க யேசுதாசன் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தச் சீட்டி நின்றது.

நவம்பர் மாதம். இறந்தவர்களுக்காக மன்றாடுகிற மாதம். அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில், "அருமனை வியாகுலம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார். யேசுதாசன் முழங்காலிலிருந்து சரிந்தார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அவளுக்காக மன்றாடினார்கள். பெண்கள் பக்கத்தில் அஜிஷா கண்ணை மூடிக் கைகூப்பி இருந்தாள்.

"நீயாட்டி அவ பேரக் குடுத்த?"

"பாவம் அல்லியா? ஆருமில்லாம அந்த வண்டிலயே கெடந்து தவிக்குது."

அவர் கணக்குப் போட்டபடி வீட்டுக்கு நடந்தார். இல்லாதவளுக்குச் சொன்ன ஜெபம் எங்கே போகும்? ஆத்துமாக்கள் பாவம் கழுவக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில், மன்றாட நாதியில்லாத வியாகுலம்மாள் ஒருத்தியாவது கிடக்கமாட்டாளா? தன் பெயரைக் கேட்டு அவள் தலைதூக்கியிருந்தால்? மன்றாடினவர் வீட்டுக்கு ஆத்துமா நன்றி சொல்ல வரும் என்பது அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஊரே கூடி அழைத்திருக்கிறது, விலாசம் கொடுத்தவர் யேசுதாசன்.

திங்கட்கிழமை ஏலம் முடிந்து பத்து மணிக்கு வந்தார். குளித்து வாடை போக்கி, வண்டியின் உறையை நீக்கி, ஏறி உட்கார்ந்தார். முட்டு ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டு நாலு விரல் முன்னால் வந்திருந்தது. அவர் அதை நகர்த்தியதே இல்லை. வீட்டில் ஆளில்லை, அஜிஷா கடைக்குப் போயிருந்தாள். தென்னை ஓலையிலிருந்து மழைத்துளி கூரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

புதன்கிழமை நடுக் கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. அதில் பார்த்தால் அவருடைய கழுத்துதான் தெரிந்தது. அவரைவிட ஒரு சாண் குள்ளமான யாரோ அதில் தன் முகம் பார்த்திருக்க வேண்டும். இறங்கி வந்து பானட்டில் கை வைத்தார். விடியலிலிருந்து மழை, ஊரே குளிர்ந்து கிடந்தது. உறைக்குள் கிடந்த வண்டி இளஞ்சூடாக இருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழ் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டுகிற சீட்டின் கால்மிதியில் ஈரமான கடல்மணல். அதன் நடுவில் ஒரு சின்னக் கால் பதிந்திருந்தது. அன்று சாயங்காலம் அஜிஷா வந்ததும் வாசலிலேயே மறித்தார்.

"ஏட்டி, அவ வந்துட்டுப் போறா!"

"ஆரு?"

"வியாகுலம்மாள்!"

"நன்றி சொல்ல வந்திருப்பா. நீங்க என்னத்துக்குப் பேடிக்கிய?"

"மலையோரத்து அருமனைக்காரிக்க கால்ல கடல்மணலு எப்படிட்டி வரும்?"

"செத்தவளுக்கு ஆரு பஸ்ஸ நிப்பாட்டுவான்? கரை வழியா நடந்து வந்திருப்பா."

அவர் ராஜகுமாருக்குப் போன் போட்டார். "மக்கா, அந்த வண்டி முதல்ல ஆருக்க கைல இருந்து?"

"மூணு கை மாறி வந்தது அண்ணே. முதக் கை ஆருண்ணு எனக்கே தெரியாது" என்றான் ராஜகுமார். யேசுதாசன் போனை மெல்லக் கீழே வைத்தார். தான் சொன்னது பொய் என்பதற்கு அவரிடமே இப்போது சாட்சி இல்லை.

சனிக்கிழமை மழையால் ஏலம் இல்லை. ஆம்பிளை என்கிற மானத்துக்காக வண்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். தனியாகத்தான் போனார். ஊர் எல்லை தாண்டியதும் டிங், டிங் என்று மணி அடித்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று முன்பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னியது. திரும்பிப் பார்த்தார். சீட்டு காலி. மணி நிற்கவில்லை. கண்ணாடியில் மழையும் அவர் மூச்சும் சேர்ந்து புகைபோலப் படிந்தன.

"வியாகுலம்மா, மன்னிச்சிரு தாயே" என்றார்.

மணி நின்றது.

திரும்பி வருகையில் அவரை இரண்டு சைக்கிள்கள் முந்திச் சென்றன. கடையிலிருந்து திரும்பிய அஜிஷா வீட்டுத் தையல் மெஷினில் இருந்தாள். அவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, அப்படி ஒருத்தி கெடையாது. நான் சும்மா சொன்னேன்."

மெஷின் நின்றது. "கெடையாதா?"

"கெடையாது."

"நெஞ்சு நிண்ணு செத்தது?"

"பொய்யி. நீ வண்டி கேக்கப்பிடாதுண்ணு சொன்னது."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்போ அந்த சீட்டுல ஆரு இருந்தாலும் ஒண்ணும் செய்யாது?"

"செய்யாது."

"நாளைக்கு பூசை முடிஞ்சதும் பேச்சிப்பாறைக்குப் போலாம். தாக்கோலத் தாருங்க. நான் ஓட்டுதேன்."

சாவியைக் கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பேய் இருந்தால் அவர் அந்த சீட்டில் உட்கார முடியாது, இல்லையென்றால் அவளைத் தடுக்க முடியாது.

மறுநாள் அஜிஷா ஏறினாள். இருட்டில் சொந்த அடுக்களையில் உப்புப் பரணியை எடுப்பவள் மாதிரி, பார்க்காமலே சீட்டுக்கு அடியில் கைவிட்டு முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கீழே தட்டினாள். குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்ட வளைவுகளில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. யேசுதாசன் வாய் பிளந்தார்.

"நீயாட்டி?"

"நாந்தான். பூசை குடுத்தாச்சு, பேடி போச்சு. நீங்க ஏலத்துக்குப் போன பொறவு எடுத்துப் படிச்சேன்."

"மணலு?"

"கடக்கரைல வச்சுல்லா ரிவர்ஸ் படிச்சது."

அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. போன தைரியம் திரும்பியது, அதோடு பழைய சபதமும் வந்து சேர்ந்தது.

"கள்ளி! ஓட்டினது போரும். திரும்பும்போ நான்தான் ஓட்டுவேன். பொறவு நீ இதுல கைய வைக்காண்டாம், கேட்டியா?"

"செரி."

"ஆனா சனிக்கிழமை பொறத்த பெல்ட்டு மணி அடிக்க வச்சது பெரிய வேலைதான். அத எப்படிச் செய்த?"

"எந்த மணி?"

"காலி சீட்டுக்கு அடிச்சுதே!"

அவள் யோசித்தாள். "சனிக்கிழமை நான் வண்டியத் தொடவே இல்லியே."

யேசுதாசன் கழுத்தைத் திருப்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சிப்பாறை அணைமேல் மஞ்சு இறங்கி, தண்ணீர் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அஜிஷா இறங்கிச் சோம்பல் முறித்தாள். சாவியை அவரிடம் நீட்டினாள்.

"இந்தா பிடிங்க. இனி நீங்க ஓட்டுங்க."

அவர் ஓட்டுகிற சீட்டைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருட்டிக் கிடந்த சீட்டைப் பார்த்தார். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடுவரை ஓட்டுவதை நினைத்துப் பார்த்தார்.

"வேண்டாம். நீயே ஓட்டு."

"இண்ணைக்கு மட்டுமா?"

"எண்ணைக்கும்."

அவர் பக்கத்துச் சீட்டில் ஏறி ஒடுங்கி உட்கார்ந்தார். அஜிஷா வண்டியைக் கிளப்பினாள். நடுக் கண்ணாடியில் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "ரெண்டுபேரும் பெல்ட்டப் போடுங்க" என்றாள்.