மேற்கு பார்த்த சுவரும் ஒற்றைத் தூண் நிழலும்

வாழ்க அந்த வித்தகர்! வெற்றுத்தாளில் கோடு கிழித்தே வெட்டவெளியை வசப்படுத்தியவர். அளவுகோலையே செங்கோலாக ஏந்தியவர். கூர்சீவிய பென்சிலைக் காதிடுக்கில் செருகியபடி அவர் வேலைக்களம் புகுந்தால் தச்சரும் கொத்தரும் கையிலிருப்பதைச் சற்றே நேராக்கிப் பிடிக்கும் பெருமை படைத்தவர். கல்லூரி நாளில் தோழர்கள் சூட்டிய ‘நேர்கோட்டார்’ என்னும் பட்டம் தலை நரைத்த பின்னும் உதிராத கட்டடக் கலைஞர். அன்னார் ஒரு மாலைப்பொழுதில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்த வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். உட்கார்ந்திருப்பதில் என்ன வீரம் என்று நகைப்போர், அந்த நாற்காலி எந்த மண்டபத்தில், எந்தத் திக்கைப் பார்த்துக் கிடந்தது என்பதை அறிந்தபின் நகைப்பார்களாக.

கட்டடக் கலையும் கட்டுமானமும் கற்பிக்கும் அக்கல்லூரி, தன்னிடம் படித்துப் பட்டம் பெற்றுப் போய்ப் பல தேசங்களில் சுவர் எழுப்பியோருள் நால்வரைத் தேர்ந்தெடுத்து, அவர்தம் வாழ்நாள் சாதனைக்குக் கேடயம் வழங்க நாள் குறித்தது. விழா நடந்த மண்டபம் நேர்கோட்டாரே வரைந்தது. அதில் மேடைக்கு நேர் எதிரே, பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால், தரை தொட்டுக் கூரை வரை ஒரே கண்ணாடிச் சுவர். வெயில் நேரே விழாத வடக்கு வெளிச்சத்தை அள்ளி அள்ளி உள்ளே தருவதற்கென்று பிறந்த சுவர் அது. ஆனால் வரைபடம் தாளுக்குள் அடங்கவில்லை என்று அதைத் திருப்பி வரைந்த நாளில், வடக்கைக் காட்டும் அம்புக்குறியையும் கூடவே திருப்ப வேண்டும் என்பதை நம் நாயகர் மறந்தார். அம்பு பழைய திசையையே காட்டிக்கொண்டு நின்றது. அந்த அம்பை நம்பி எழுந்த சுவரோ மேற்கு வெயிலின் திறந்த வாய்க்குள் போய் நின்றது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் கட்டடத்தைக் கட்ட வந்த ஒப்பந்தக்காரர். அவர் அதே கல்லூரியில் கட்டுமானம் படித்தவர். நேர்கோட்டாரின் வகுப்புத் தோழர். போதாக்குறைக்கு அவருடைய மனைவியின் அண்ணன். பேச்சிலும் உடம்பிலும் நெகிழ்ச்சி என்பதே கிடையாது என்பதால் தோழர்கள் அவருக்கு இட்ட பெயர் ‘கான்கிரீட்’. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்று, சாயும் சூரியனை ஒரு முறையும் கையிலிருந்த வரைபடத்தை ஒரு முறையும் பார்த்துவிட்டு, சுவர் திசை மாறி நிற்கிறதே என்று மச்சான் கேட்டார். கொத்தர்கள் அத்தனை பேரும் காது கொடுத்து நின்ற அந்தக் கணத்தில் நம் நாயகர் முழங்கினார்: “தெரிஞ்சேதான் வரைஞ்சேன். அப்படியே கட்டுங்க.”

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் ஒரு தத்துவமே பெற்றெடுக்க வேண்டியதாயிற்று. மாலைக் கதிரை எதிர்கொண்டு அழைக்கும் சுவர் என்றார். நாடு நாடாகச் சென்று அதைப் பற்றி உரையாற்றினார். இளம் கலைஞர்கள் குறிப்பெடுத்தனர். சிலர் போய் அவ்வாறே கட்டியும் வைத்தனர். அச்சுவருக்குத் திரைச்சீலை போடும் நாளில் தம் பெயரை வாசல் கல்லிலிருந்து செதுக்கி எடுத்துவிட வேண்டும் என்று கல்லூரிக்கு ஆணையிட்டார். கல்லூரியும் வெயிலில் வெந்துகொண்டே கீழ்ப்படிந்தது.

மச்சானும் சும்மா இருக்கவில்லை. தூணே இல்லாத மண்டபம் என்று வரைந்திருந்த இடத்தில், நட்டநடுவே, ஒற்றைத் தூண் ஒன்றை எழுப்பினார். கேட்டதற்கு, தூண் இல்லாவிட்டால் உத்தரம் தொய்ந்துவிடும் என்ற ஒரே பதிலைத் தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தம் கற்பனையின் நெஞ்சில் நட்ட ஈட்டி என்று அதைக் கண்ட நேர்கோட்டார், திறப்பு விழா முடிந்து வீடு திரும்பியதும் சொந்தபந்தம் நடுவே சபதம் செய்தார்: “அந்தத் தூணோட நிழல்லகூட நான் ஒதுங்க மாட்டேன்.” அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு அறுந்தது. ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே அமர்ந்திருக்கும்போதும், ‘உன் அண்ணன்கிட்டச் சொல்லு’ என்றும் ‘உன் வீட்டுக்காரர்கிட்டக் கேளு’ என்றும் எல்லாச் செய்தியும் அந்த அம்மையார் வழியாகவே போய் வந்தது. குழம்புக் கரண்டியை நகர்த்தித் தரச் சொல்வதற்கும் அவரே தூது.

இனிப் போர்.

பிற்பகல் சாய்ந்தது. பகலவன் கண்ணாடியில் கால் வைத்தான். ஆயிரம் வேல்களை ஒருசேர எறிந்தாற்போல் ஒளி உள்ளே பாய்ந்து, நாற்காலிகளின் இரும்புக் கைகளைக் காய்ச்சி, ஒலிவாங்கியின் கழுத்தைப் பழுக்கவைத்து, மேடையில் வரிசையாக அமர்ந்திருந்த நால்வரின் விழிகளைக் குத்தியது. அந்தப் பேரொளிக் கடலின் நடுவே ஒரே ஒரு கரிய ஓடை: தூணின் நிழல். அதன் அகலம் ஒரு நாற்காலி. ஏராளமான இருக்கைகள் கொண்ட அம்மண்டபத்தில் வந்திருந்த மக்கள் அனைவரும், தூணடியிலிருந்து மேடை வரை அந்த ஓடைக்குள் ஒருவர் பின் ஒருவராக, பேருந்துக்கு நிற்பவர்களைப் போல, ஒற்றை வரிசையாக அமர்ந்திருந்தனர். நிழல் நகர நகர வரிசை முழுவதும் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தது. அவ்வரிசையின் தலையில், மேடைக்கு மிக அருகில், அழைப்பிதழால் விசிறிக்கொண்டு இருந்தவர் நாயகரின் மனைவி.

நிழல் மேடையின் வலக்கோடியில் தொடங்கியது. அங்கே வீற்றிருந்தவர் ‘மாடியரசி’ எனப்பட்ட பெண்மணி. கடற்காற்று அறையும் கரையில் நாற்பது மாடிக் கோபுரத்தை நிறுத்தி, அதன் உச்சி மாடியில் வைத்த தேநீர்க் கோப்பையிலும் சிற்றலை எழாதபடி செய்தவர். அவருக்கு அடுத்தவர் ‘வார்டு’. ஊர் ஊராக மருத்துவமனை கட்டியவர். படுக்கையைத் தள்ளுவோர் எங்கும் மூலையில் இடித்துக்கொள்ளாத நடைவழிகளை உலகுக்கு ஈந்தவர். மூன்றாமவர் கான்கிரீட். வெள்ளம் வந்து ஊர்கள் மிதந்தபோது அவர் கட்டிய பள்ளிக்கூடங்களின் மாடிகளில்தான் ஊர்கள் ஏறி நின்றன. இடக்கோடியில், நிழலிலிருந்து எத்தனை தூரம் விலகலாமோ அத்தனை தூரம் விலகி, நிமிர்ந்து, வியர்த்து, வீற்றிருந்தார் நேர்கோட்டார்.

கறுப்புக் கண்ணாடி அணிந்த கல்லூரி முதல்வர் சாதனைப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். அவர் கோபுரத்தின் அஸ்திவாரத்தை முடித்து முதல் மாடிக்கு ஏறுவதற்குள் நிழல் மாடியரசியை விட்டு விலகத் தொடங்கிற்று. காற்றுக்கு அசையாத கோபுரம் கண்ட அம்மையார் தாம் மட்டும் அசைந்து, ஓசையின்றி நாற்காலியை நிழலோடு நகர்த்தினார். வார்டு செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நிமிரும்போது பாதி நிழலைக் கைப்பற்றியிருந்தார்.

“நாற்பது மாடி வெயிலைப் பார்த்தவங்க, இதுக்கா பயப்படுறீங்க? கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார் வார்டு, உதடு அசையாமல்.

“அங்கெல்லாம் ஜன்னலை யோசிச்சு வச்சிருந்தோம்” என்றார் அம்மையார்.

அச்சொல் வார்டைக் கடந்து, மச்சானைக் கடந்து, எய்த இடத்தை விட்டு எங்கே தைக்க வேண்டுமோ அங்கே போய்த் தைத்தது. நேர்கோட்டார் கதிரவனை இமைக்காமல் நோக்கி, அழைத்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் புன்னகைக்க முயன்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முதல்வர் அதை நெகிழ்ச்சி என்று கொண்டு, ஒலிவாங்கியில் அறிவிக்கவும் செய்தார்.

கேடயங்கள் வழங்கப்பட்டன. பெற்ற மாத்திரத்தில் மூவரும் அவற்றை முகத்துக்கு நேரே உயர்த்தினர். கேடயம் என்ற பொருள் எதற்காகப் படைக்கப்பட்டதோ அதற்கே அன்று பயன்பட்டது. பளபளத்த அவற்றில் பட்டுத் தெறித்த கதிர்கள் மும்மடங்காகித் தங்கள் நண்பரின் நெற்றியை நாடிச் செல்வதை அவர்கள் கவனிக்கவில்லை. நேர்கோட்டார் தம் கேடயத்தை உயர்த்தவில்லை. மடியில் கிடத்தினார். அது தொடையைச் சுட்டது. அப்போதும் அவர் அசையவில்லை.

ஆனால் நிழல் அசைந்தது. ஒரு நாற்காலியை விட்டு அடுத்த நாற்காலியை விழுங்கும் மலைப்பாம்புபோல் அது இடப்புறம் ஊர்ந்தது. அதைத் துரத்தி மாடியரசியும், அவரை நெருக்கி வார்டும், இருவர் நெருக்கலால் கான்கிரீட்டும் இடப்புறம் பெயர்ந்தனர். மேடையின் வலப்பாதி வெறிச்சோடிப் பாலையாயிற்று. நிழல் தம்மை அணுகுவதைக் கடைக்கண்ணால் கண்ட நாயகர் நாற்காலியோடு ஒரு சாண் விலகினார். பிறகு மறுசாண். கீழே மனைவி கண்ணாலேயே, அங்கேயே இருங்கள், நிழல் வருகிறது என்று சைகை செய்தார். அவர் கூரையைப் பார்த்தார். இன்னும் ஒரு சாண். மேடை முடிந்தது. நாற்காலியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அன்னார் வரைந்த எந்தக் கட்டடமும் அதுவரை அப்படித் தொங்கிக்கொண்டு நின்றதில்லை.

அப்போது, நெடுங்காலத்துக்குப் பிறகு முதன்முறையாக, தூது எவருமின்றி மச்சான் அவரிடம் நேரே பேசினார்.

“மாப்ளே, விழுந்துடாதே. அந்தத் தூண் எதையும் தாங்கல.”

நேர்கோட்டார் திரும்பினார்.

“மேல உத்தரத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரல் போகும். பூசி மறைச்சிருக்கேன். நீ சுவரைத் திருப்ப மாட்டேன்னுட்ட. மேடையில நின்னு பேசுறவனுக்காவது நிழல் வேணுமேன்னு வச்சேன்.” இதையும் சொல்லிவிடலாம் என்பதுபோல் சேர்த்தார். “தொய்யும்னு சொன்னது பொய்தான். நீ மட்டும்தான் சொல்லணுமா?”

அந்தக் கணத்தில் முதல்வர் நாயகரின் பெயரை முழங்க, அரங்கம் ஒற்றை வரிசையாகக் கைதட்டியது. ஏற்புரை ஆற்ற அவர் எழுந்தார். எழுந்ததால் அந்தரத்தில் நின்ற நாற்காலி கவிழாமல் தப்பியது. ஒலிவாங்கியை எடுத்து வந்து அவர் முன் நிறுத்தினர். சட்டைப்பையிலிருந்து உரையை எடுத்து விரித்தார். வெயில் தாளில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைத்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் காத்திருந்து பெற்ற மேடை. வாய் திறந்தால் வார்த்தை வேண்டும். பிறகு, கோட்டை வாயிலைத் திறந்துவிட்டு வெளியே வரும் வேந்தனைப்போல், வலப்புறம் ஓர் அடி எடுத்துவைத்தார்.

குளிர்ச்சி நெற்றியில் படிந்தது. எழுத்துகள் தெளிந்தன. ‘மாலைக் கதிரை எதிர்கொண்டு அழைக்கும்’ என்று தொடங்கும் முதல் வரியை மனத்துக்குள் படித்தார். தாளிலிருந்து கண்ணை எடுத்தபோது எதிரே தெரிந்தது அந்த ஒற்றை வரிசை: நிழலை விட்டு முழங்கை வெளியே போகாதபடி உடம்பை ஒடுக்கி அமர்ந்திருந்த பெரியவர்கள், மாணவர்கள், விசிறுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி. அவர் தாளை மடித்தார்.

“இந்தச் சுவர் வடக்கே இருந்திருக்கணும்” என்றார். “படத்தைத் திருப்பினேன். அம்புக்குறியைத் திருப்ப மறந்துட்டேன். மச்சான் அன்னைக்கே சொன்னார், நான்தான் கேக்கல.”

திசைகள் எட்டும் அதிரவில்லை, முரசங்கள் முழங்கவில்லை, நாட்டுக்கு நாடு பரவியிருந்த தத்துவம் ஒன்று ஓசையின்றிச் சரிந்தது, அவ்வளவே. வரிசையின் தலையிலிருந்த அம்மையார் மட்டும், அதுவரை இருவருக்கும் தூது சுமந்த களைப்பெல்லாம் தீர, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நேர்கோட்டார் நிழலை விட்டு வெளியேறாமலேயே, தம் மச்சானுக்கும் இடம் விட்டு, சற்றே ஒருக்களித்து நின்றார்.

அடுத்த வாரம் அந்தச் சுவருக்குத் திரைச்சீலை வாங்கிப் போட்டார்கள்.