மகளுக்குப் பேர் விழாத கதை

கூச்ச சுபாவக்காரன் வம்புக்குப் போகமாட்டான் என்று நினைக்கிறார்கள். போவான். தனக்காகப் பேச இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவான். அது இன்னும் மோசம்.

கொடகவெலப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை எனக்கு. படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு சரி. மகள் தேவகி கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், விரிவுரையாளர். மண்சரிவு பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். (எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பாக்கணும்ப்பா" என்பாள்.)

ஒருநாள் என் வேலை நேரத்தில் எனக்குப் போன் எடுத்தாள். குரல் சரியில்லை. என்னவென்று கேட்டேன். வாட்டுகிற தட்டுக்குக் காற்றடிக்கும் விசிறிச் சத்தத்தில் முன்பாதி காதில் விழவில்லை. பின்பாதி நன்றாக விழுந்தது.

"...எவ்வளவு வேல செஞ்சும் எனக்குப் பேரே விழ மாட்டேங்குதுப்பா. கூடச் சேர்றதுக்கும் ஆளுங்க இல்ல. இப்படியே போனா பதவி உயர்வு கெடைக்காது."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குச் சம்பளக் கணக்கில் விழும் பதிவு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மேற்பார்க்கும் கங்காணி போட மறந்தால் பேரே விழாது. பகல் முழுக்க மழையில் நனைந்ததெல்லாம் வீண். கம்பஸிலும் இப்படித்தான் போல என்று நினைத்தேன். கூடச் சேர ஆளில்லை என்றால் அங்கே தொழிற்சங்கமும் இல்லை. மனைவியிடம் சொன்னேன். படித்த பிள்ளைக்கும் இதே கதியா என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதனால் தோட்டத் தலைவரிடம் போனேன். எங்கள் சங்கத்துக்காரர். சிங்களத்தில் சண்டை போடுவதென்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். தேவகியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள் என்று தலைவர் சொன்னார். (அது ஒன்றைத்தான் அன்று அவர் சரியாகச் சொன்னார்.)

கம்பஸில் தேவகியின் துறைத் தலைவி சிங்களப் பெண்மணி. நாலைந்து பேர் வேலை செய்யும் அலுவலக அறையில் எங்களை மரியாதையாக உட்காரச் சொன்னார். தலைவர் உட்காரவில்லை. வேலை செய்த பிள்ளைக்குப் பேர் போடாத கங்காணி யார் என்று நின்றபடியே கேட்டார். அந்த அம்மா வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, எல்லா நாளும் சரியாக இருக்கிறதே என்றார். அப்படியானால் அரைப்பேர் போட்டிருப்பீர்கள் என்றார் தலைவர். தீர்வு வராவிட்டால் எங்கள் தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று முடித்தார்.

 அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாக, "அதனால் எங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. கும்பிட்டேன்.

தேவகியைக் கூப்பிட்டார்கள். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் சொல்ல விரும்பவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். ஒருவர் எழுதும் ஆய்வுக் கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்ட வேண்டுமாம். அதைத்தான் பேர் விழுவது என்றாளாம். வேறு நாட்டு ஆட்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தாலும் மதிப்பாம். இவளுக்கு இரண்டும் குறைவு.

தலைவர் அசரவில்லை.

"அப்ப அந்த மத்தவங்க எங்க இருக்காங்க? அவங்ககிட்டயும் போய்ப் பேசுவோம்."

பக்கத்து மேசைகளில் சிரிப்பை அடக்கியவர்கள் அதோடு அடக்குவதை விட்டுவிட்டார்கள். துறைத் தலைவியும்தான்.

அந்த முறை தேவகிக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. எங்களால் இல்லை, மேற்கோள் போதவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். நான் முழுசாக நம்பவில்லை. அடுத்த முறை கிடைத்தது. நாங்கள் போய்ப் பேசியதால்தான் கிடைத்தது என்று தலைவர் இன்றைக்கும் ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் சொல்கிறார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

கம்பஸில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்களாம். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவர் இதை அவளிடமே சொல்லிச் சிரித்தாராம். போன பொங்கலுக்கு வந்தவள், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"என் கட்டுரை எல்லாத்தையும் சேர்த்தாலும், உங்களத்தான்ப்பா அதிகமா மேற்கோள் காட்டுறாங்க."