பிதாவின் மோதிர விரல்

பெண் கேட்டுப் போன வீட்டில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொள்பவனைப் போல ஒரு மடையன் உலகத்தில் கிடையாது. நான் ‘படம் வரைவேன்’ என்று சொல்லித் தொலைத்தேன். (ஓசூர் கம்பெனியில் வண்டி டேங்குகளுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தவன். அதுவும் கலைதானே என்ற திமிர்!)

பெண் ஸ்டெல்லா. அவள் அப்பா சூசை மாமா, பாகலூர்ப் பக்கம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். செய்தி பங்குச் சாமியார் காதுக்குப் போனது. திருவிழாவுக்குள் பீடத்துச் சுவரில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் சேர்ந்த திரித்துவத்தை வரையச் சொல்லிவிட்டார். சுதன் சரி, ஆவிக்குப் புறா சரி. பிதாவுக்கு வெள்ளைத் தாடி வைக்கலாமா என்று வாயைக் கொடுத்தேன்.

மாமா குதித்தார். “யாரும் கண்ணால பாக்காதவருக்கு நீ எப்பிடிய்யா தாடி வெப்ப? பிதாவ வரையவே கூடாது!”

“எத்தனையோ கோயில்ல வரைஞ்சிருக்காங்களே, உபதேசியாரே” என்றார் சாமியார்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியவர் சாமியார். பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் மாமா. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த நான் ஒரு வழி சொன்னேன். முகமே வேண்டாம், மேகத்திலிருந்து ஒரு கை மட்டும். இருவரும் தலையாட்டினார்கள். மாமாவை இன்னும் கொஞ்சம் குளிர வைக்கலாமே என்று அவரையே கையை நீட்டச் சொல்லிப் பார்த்து வரைந்தேன். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்த அசதி. கண்ணில் பட்டதை அப்படியே சுவரில் இறக்கிவிட்டு, திருவிழாவரை யாரும் பார்க்கக் கூடாதென்று திரை வேறு போட்டேன். (பெரிய ஓவியன்!)

மாமா பல வருஷம் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். மோதிர விரலில் பாதி மிஷினோடு போய்விட்டது.

திருவிழாப் பூசையில் திரை விலகியது. சனம் மொத்தமும் சுவரைப் பார்த்தது, அப்புறம் மாமாவின் கையைப் பார்த்தது.

“அட, பிதாவும் நம்ம பிரஸ் ஷாப்பு ஆளா!” என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. வெளியே வந்த மாமா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “மொதல்ல அந்த வெரல முழுசாக்கு. அப்பறமா பொண்ணப் பத்திப் பேசு.”

மறுநாளே ஏறி, அரை விரலை வரைந்து சேர்த்தேன். கல்யாணம் நடந்தது. ஆனால் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் ஒவ்வொரு மழைக்கும் ஓதமேறி, சேர்த்த அரை விரல் மட்டும் உதிர்ந்துவிடுகிறது. “ஏங்க, எங்கப்பா வெரலு விழுந்துருச்சாம்” என்று ஸ்டெல்லா சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். முட்டிவலியோடு நான் ஏறுகிறேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மாமா வருஷம் தவறாமல் சொல்வார்:

“பிதாவ வரையக் கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னனா, இல்லியா?”