மரம் போட்ட நிபந்தனைகள்

மரத்தின் சார்பில் பதில் சொல்ல ஆள் இல்லாமல், ஹிகோசாக்கு கோடரியும் கையுமாகப் பனியில் நின்றுகொண்டிருந்தார்.

குளிர் விடைபெறப் போகிற வாரத்தில் காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்த ஜப்பானிய மலையூரில் களை பிடுங்குவது போல ஒரு சாதாரணத் தோட்ட வேலை. ஒருவர் கோடரியை ஓங்கி, காய்ப்பாயா மாட்டாயா என்று கேட்பார். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று, காய்க்கிறேன், காய்க்கிறேன் என்று கெஞ்சுவார். பிறகு அடிமரத்தில் சிவப்புப் பயறுக் கஞ்சியைப் பூசிவிட்டால் சமாதானம். வழக்கமாக மரமாக நிற்பவள் அவர் மனைவி சுமி. இந்த வருஷம் அவள் கட்சி மாறிவிட்டாள்.

“மூணு வருஷமா நானும் காய்க்கிறேன் காய்க்கிறேன்னு கத்தினேன். தொண்டை கட்டினதுதான் மிச்சம்.”

வரும் இலையுதிர் காலத்திலும் பழம் இல்லையென்றால் பெர்சிமன் மரம் வெந்நீர் அடுப்புக்கு விறகு, அந்த இடத்தில் துணி காயப்போடக் கம்பி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மரம் வெட்டுகிறவரிடம் பேசியும் வைத்திருந்தாள்.

ஹிகோசாக்குவின் வாழ்க்கையில் ஊரார் வாய்திறந்து பாராட்டிய ஒரே விஷயம், இறவாரத்தில் தோரணமாகத் தொங்கிய அவர் வீட்டுப் பெர்சிமன் வற்றல்தான்.

இத்தனைக்கும் அவர் மரத்தைக் கவனிக்காமல் விடவில்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு குளிர்கால முடிவிலும், முடிதிருத்துபவர் தோற்றுப்போகிற அளவுக்கு நுனிகளை ஒட்டக் கவாத்து செய்வார். கத்திரி பக்கத்து வீட்டு டோமெகிச்சியுடையது. மரம் கடைசியாகக் காய்த்த வருஷம், தக்காளிபோலக் கனிந்த பழமொன்று டோமெகிச்சியின் புது வெள்ளைக் கார் மேல் விழுந்து கூழானது. வேறொருவராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அந்தப் புண்ணியவானோ அந்தக் குளிர்காலத்திலேயே கத்திரியைத் தீட்டி, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து வருஷம் தவறியதில்லை.

அந்தப் புண்ணியவானிடமே ஹிகோசாக்கு ஓடினார். மரமாக நிற்க டோமெகிச்சி உடனே ஒப்புக்கொண்டார். இடுப்பில் கத்திரியையும் செருகிக்கொண்டு வந்தார்.

“காய்ப்பியா, மாட்டியா?”

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. “யோசிச்சுச் சொல்றேன்.”

“யோவ், மரம் எங்கேயாவது யோசிக்குமாய்யா?”

“மூணு வருஷமா வேற என்ன செய்யுதாம்?”

மரத்துக்குப் பின்னாலிருந்து வருவது மரத்தின் வாக்கு, மறுபேச்சு கிடையாது. இந்த விதியைச் செய்த முன்னோர்களுக்கு டோமெகிச்சி போன்ற பக்கத்து வீட்டுக்காரர் வாய்த்திருக்கவில்லை.

மதில்மேல் சாய்ந்த கிளையால் இடுப்பு வலிக்கிறது என்றது மரம். ஹிகோசாக்கு அதை வெட்டினார். எருக்குழியின் நாற்றம் தாங்கவில்லை என்றது. டோமெகிச்சியின் ஜன்னலோரம் இருந்த எருவையெல்லாம் வாரித் தன் சமையலறை ஜன்னலோரம் கொட்டினார். சாயங்காலம் அவர் பாடுகிற பாட்டில் வேர் கூசுகிறது என்றும் சொன்னது. ஹிகோசாக்கு இசையைத் துறந்தார்.

எரு நாற்றத்தைக் கேள்வி கேட்கக் கரண்டியோடு வெளியே வந்த சுமி, நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் அவளும் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அடுத்த நொடியே, ராத்திரிப் பாத்திரங்களை ஹிகோசாக்கு கழுவினால்தான் பூ வைக்க முடியும் என்று மரம் பெண் குரலில் அறிவித்தது. அதற்கும் தலையாட்டினார்.

“கடைசியா ஒண்ணு,” என்றது ஆண் குரல். “தலை பாரமா இருக்கு. எப்பவும் போல நுனியை எல்லாம் ஒட்ட வெட்டிவிடு.” அடிமரத்தைச் சுற்றி ஒரு கை கத்திரியோடு நீண்டது.

மதியத்துக்குள் மரம் பட்டாளத்தில் சேர்ந்தவன் தலைபோல ஆகிவிட்டது. கொழுத்த மொட்டுகளோடு நுனிகள் பனியில் குவிந்து கிடந்தன. காய்க்கிறேன், காய்க்கிறேன் என்று மரம் இரண்டு குரலிலும் சத்தியம் செய்தது. கஞ்சியைப் பூசிவிட்டு, ஹிகோசாக்கு கண் கலங்க டோமெகிச்சியின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

அப்போது கணவரைச் சாப்பிடக் கூப்பிட வந்த டோமெகிச்சியின் மனைவி நுயி, குவியலையும் கோடரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மரத்தை ஏண்ணே மிரட்டறீங்க? பூ மொட்டெல்லாம் நுனியிலதானே இருக்கு. கார்மேல பழம் விழக் கூடாதுன்னுதானே இவரு வருஷா வருஷம் கத்திரியைத் தீட்டி உங்க கையில குடுக்கிறாரு.”