அஞ்சடியில் சலித்த அரிசி

பொது விநியோகத்தில் ஒளிவுமறைவு கூடாது என்று யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன்.

காரணம் 1943-இல் கிடக்கிறது. (கடைச் சுவரில் தொங்கிய ஜப்பானிய நாட்காட்டிப்படி 2603. ஒரேயடியாக அறுநூற்று அறுபது வயது கூடியும் எனக்குப் புத்தி வரவில்லை.)

அப்போது ஜப்பானியர் ஆட்சி. மலாக்காவின் காஜா பேராங்கில் பங்கீட்டு அரிசிக் கடையில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த ரயில் பாதையை ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அரிசி, பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் லாரியில்தான் வரவேண்டும். அந்த லாரியோ ஒரு மேட்டைக் கண்டால் உயிரை விட்டுவிடும். அரிசி வராத நாட்களில் அதை நாங்கள் தின்றுவிட்டதாக ஊர் நம்பியது. வந்த நாட்களிலும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளேயே நிறுத்தோமா, கொஞ்சமாவது தின்றிருப்போம் என்று நம்பியது.

பெரிய கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். நானோ நிர்வாகம் பற்றி வாசகசாலையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தொலைத்தவன். "ஐயா, எல்லாரும் பார்க்க வெளியே வைத்து நிறுப்போமே" என்றேன்.

"தம்பி, சனம் அரிசியைப் பார்க்க வேண்டாம், சோத்தைப் பார்க்கட்டும். நீர் பேசாமல் இரும்."

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வாரம் அவருக்கு மலேரியா வந்தது. அதே வாரம் எனக்கு ஒரு சம்பந்தமும் வந்தது. பெண்ணின் அப்பா கோவிந்தசாமிக்கும் எங்கள் கடையில்தான் அரிசி. (அந்தக் காலத்தில் அரிசிக் கடைக் கிராணி என்றால் டாக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு படி மேல்.) அரிசி போடும் அன்று என்னை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியனுப்பினார்.

என் நேர்மையை அவர் கண்ணாரப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், பாய் விரித்தேன். தராசைத் தொங்கவிட்டு, மூட்டைகளை ஊர் முன்னால் பிரித்துக் கொட்டினேன்.

அன்றைய அரிசி பூச்சி பிடிக்காமலிருக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்து வரும். சுண்ணாம்போடுதான் நிறுத்துக் கொடுப்போம், வீட்டில் கழுவிக்கொள்வார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆகவே சுண்ணாம்பைச் சலித்தெடுத்துவிட்டு, சுத்தமான அரிசியை முழு நிறைக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

"இந்தப் பையன்தான்யா மனுஷன்" என்றார் முதலில் வாங்கியவர். வரிசையின் கடைசியில் கோவிந்தசாமி மெச்சித் தலையாட்டுவது தெரிந்தது. அதைப் பார்த்து இன்னும் மும்முரமாகச் சலித்தேன். கடல் காற்று வேறு எழும்பி, நின்றவர்கள் எல்லாருக்கும் வெள்ளையடித்தது.

சலித்துத் தள்ளிய சுண்ணாம்பும் மூட்டையின் நிறையில் சேர்ந்ததுதான் என்பது எனக்கு உறைத்தபோது பாய் காலி. பக்கத்தில் ஒரு சுண்ணாம்பு மேடு. வரிசையின் வால் முழுக்க வெறும் பையோடு நின்றது.

வாலில் முதலாவதாக நின்றவர் செட்டி கம்பத்து மீனாட்சி பீபி. பல தலைமுறைக்கு முன் வந்து மலாயே பேச்சாகிப்போன மலாக்காச் செட்டி வம்சம், அவருக்குத் தமிழ் வராது. சுண்ணாம்பு மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "தம்பி, பெராஸ் மானா?"

அரிசி எங்கே? நியாயமான கேள்வி. "எல்லாம் உங்கள் கண் முன்னால்தானே பீபி..." என்று மலாயில் இழுத்தேன்.

"அதத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் கோவிந்தசாமி பின்னாலிருந்து. "கந்தையா கதவைச் சாத்திக்கிட்டு எடுத்தாலும் எங்களுக்கு மிச்சம் வெப்பாரு. இவரு நாங்க பாத்துக்கிட்டு இருக்கையிலேயே முடிச்சிட்டாரு."

கூச்சல் கேட்டு ஜப்பானியச் சிப்பாய் வந்தான். இடுப்பு ஒடியக் குனிந்தேன். தலையிலிருந்த சுண்ணாம்பு அப்படியே அவன் பூட்ஸில் கொட்டியது. ஓர் அறை. குறைந்த அரிசியைக் கடை ஆட்களின் பங்கிலிருந்து ஈடுகட்ட உத்தரவு. கடை ஆட்கள் என்றால் நானும், காய்ச்சலில் கிடந்த கந்தையாவும்.

"எனக்குக் காய்ச்சல் மட்டும்தான் இருந்தது" என்றார் அவர் மறுநாள். "இப்ப பசியும் இருக்கு. சந்தோஷமோ?"

என் பங்கு கோவிந்தசாமியின் பைக்குள் போனது. பையின் வாயைக் கட்டிக்கொண்டே அவர் முடிவைச் சொன்னார்.

"திருடுற பையனா இருந்தாக்கூட யோசிச்சிருப்பேன் தம்பி. என் பொண்ணுக்கு ஒரு வாய் சோறு கெடைக்கும். நீங்க உங்க சோத்தையே காப்பாத்திக்கத் தெரியாத ஆளு." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "வீட்டுக்குப் பின்னால எடம் இருக்குல்ல? மரவள்ளி போடுங்க. கெழங்கு விழட்டும், அப்புறம் பேசுவோம்."

போட்டேன். விழுந்தது. கல்யாணப் பந்தியில் வந்தவர்களுக்கெல்லாம் அவித்த மரவள்ளிதான். நிறுக்கவோ சலிக்கவோ யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கடையில் கந்தையா மறுபடியும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு சுண்ணாம்போடு நிறுத்தார். ஊர் அவரைத் திட்டிக்கொண்டே கடைசி ஆள் வரை வாங்கிப் போனது.

இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் கரண்டியைத் தொட்டால் போதும், கோவிந்தசாமியின் மகள் அடுப்படியிலிருந்து பேரப்பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"தாத்தா பரிமாறப் போறாரு. எல்லாரும் முன்னாடி போய் உக்காருங்க."