கெட்டிமேளத்துக்கு ஊதிய ஆலைச் சங்கு

மழை விட்ட காலையில் ஆலைச் சங்கு ஊதினால் அது ஈரமாகக் கேட்கும். புகைக்கூண்டின் அடியிலிருந்து கிளம்பி, நனைந்த ஓடுகளின் மேல் வழுக்கி, ஜன்னல் கம்பியில் ஒரு கணம் தொங்கிவிட்டு உள்ளே விழும். நேற்றும் விழுந்தது. ஊதுகிறவன் கற்றுக்குட்டி என்று உடனே தெரிந்துவிட்டது. எடுப்பில் ஒரு தயக்கம், முடிப்பில் ஒரு கமறல். காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை.

பெங்களூரில் சூரியன் தானாக உதித்ததே இல்லை. சுதந்திரம் வந்த புதிதில், தண்டு என்ற கன்டோன்மென்ட் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் அதை உதிக்க வைத்தவர் எங்கள் சங்கு மேஸ்திரி.

மேஸ்திரி என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. பஞ்சாலையின் பாய்லர் அறையில் நீராவிச் சங்கின் சங்கிலியை நேரத்துக்கு இழுப்பதுதான் உத்தியோகம். அவருக்குக் கீழே ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது. கேட்டால், "ஊரே என் கீழதான எந்திரிக்குது?" என்பார். நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பதிவது என் வேலை. அந்த 'எப்போது' எது என்று முடிவு செய்வது அவர் வேலை.

சங்கிலியைத் தொடுமுன் வெற்றிலையைத் துப்பி வாய் கொப்புளிப்பார். கையைத் துடைப்பார். தலைப்பாகையைச் சரிசெய்வார். மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, குழந்தையின் முகத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பிறகு ஒரே இழுப்பு. மில்லை ஒட்டிய ஜீவனஹள்ளியில் உலை வைப்பதும் அரிசி களைவதும் அந்த இழுப்பில்தான். வீட்டிலும் மணிக்கணக்குப் பேச்சு கிடையாது. எல்லாம் சங்குக் கணக்கு. "பெரியவன் ரெண்டாம் சங்குல பொறந்தான், சின்னவன் ஓவர்டைம்" என்று பெருமையாகச் சொல்வார். ஒரு வாரம் மாதா கோயில் மணி அவருடைய சங்கை முந்திக்கொண்டே அடித்தது. ஞாயிற்றுக்கிழமை நேராகப் பாதிரியாரிடம் போனார். "சாமி, ஒங்க கடவுள் கொஞ்சம் ஃபாஸ்ட்டாப் போறாரு. பார்த்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாளிலிருந்து மாதா கோயில் காத்திருந்து அடித்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் காரணத்தோடு நேரம் கெட்ட நேரத்தில் ஊதினார். அதுதான் கதை.

நூல் சுற்றும் பிரிவில் முனியம்மா என்று ஒரு விதவை. அவள் மகள் ராஜாத்திக்குக் கல்யாணம். ஜீவனஹள்ளி அம்மன் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு கோலார் தங்கவயல். மேளக்காரர்களும் அங்கிருந்துதான் வரவேண்டும். பௌரிங்பேட்டையில் இறங்கி பெங்களூர் வண்டிக்கு மாறவேண்டியவர்கள், ஜோலார்பேட்டை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சரியான வண்டியில் இருந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, தாங்கள்தான் சரி என்ற நம்பிக்கையில், தவிலும் கையுமாகச் சிரித்து வழியனுப்பிவிட்டு எதிர்த்திசையில் போனார்களாம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "மேளம் இல்லாம எங்க வீட்ல தாலி ஏறினது கெடையாது. தாலி கட்டறப்ப எவனாவது தும்மினா யாரு ஜவாப்பு? ஆடி போவட்டும், பார்த்துக்கலாம்" என்றார். ஆடி போகும், இவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

முனியம்மா கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு மில்லுக்கு ஓடிவந்தாள். பாய்லர் அறை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. இருவரும் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, கோயில் மணியை அடிக்கலாம்னு பார்த்தா அதுக்கு நாக்கு இல்லண்ணே."

"முகூர்த்தம் எப்போ?"

"ஒம்போதே முக்கால்ல இருந்து பத்துக்குள்ள."

"இந்தக் குள்ளகிள்ளயெல்லாம் எனக்கு ஆவாது. ஒரு நேரம் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒம்போது அம்பது."

"போ. பூசாரி வெரல ஆட்ட வேணாம்னு சொல்லு. மேளம் தானா வரும்."

வந்தது. தினமும் ஊதும் ஊதல் அல்ல அது. மூன்று முடிச்சுக்கும் இடைவெளி விடாமல், அட்சதை விழுந்து முடிகிறவரை, வானத்தை நடுவில் கிழித்துத் தைத்துக்கொண்டே போன ஊதல். தறிகள் நின்றன. ஆயிரம் பேர் சாப்பாட்டு வேளை என்று தூக்குப்பாத்திரங்களைத் திறந்தார்கள். ஷிப்ட் முடிந்தது என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். பக்கத்துப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தீயணைப்பு வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு வந்து, எரிகிற எதையாவது காட்டுங்கள் என்பது போல நின்றது. கோயிலில் ஒரு கிழவி, "கல்யாணத்துல சங்கு ஊதறதா, யாரு செத்தா?" என்று கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. சங்கின் பயனே அதுதான். மாப்பிள்ளை மட்டும் மிரண்டுபோய் நாலாவதாக ஒரு முடிச்சும் போட்டுவிட்டார்.

விசாரணை நடந்தது. மானேஜர் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். நடுவில் மெட்ராஸிலிருந்து வந்த லேபர் ஆபீசர் மொழிபெயர்த்தார். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் ஊதினே?"

"முகூர்த்தம், தொரை."

துரை முகம் சிவந்தது. "ஹூ இஸ் திஸ் முகூர்த்தம்? அந்த ஆளையும் கூப்பிடு."

லேபர் ஆபீசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்ல டைம்னு அர்த்தம் சார்" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. "அதான் தொரை. டைமு. அது தப்பல. மில்லு டைமு வேற, முகூர்த்த டைமு வேற. ரெண்டுலயும் நான் கரெக்ட்டு."

துரை சிரிப்பை மீசைக்குள் மறைத்ததை நான் பார்த்தேன். ஆனால் முதலாளிகள் ஆளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். துரையால் முடிந்த ஒரு சலுகையை லேபர் ஆபீசர் எடுத்துச் சொன்னார்.

"சங்கிலி கை தவறி இழுபட்டுடுத்துன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. சொந்த இஷ்டத்துல விலகினார், நடத்தை நன்றுன்னு துரை சர்ட்டிபிகேட் தருவார். அதை வெச்சுண்டு எந்த மில்லுலயும் சேர்ந்துக்கலாம். இல்லேன்னா ஒழுங்கீனம்னு டிஸ்மிஸ். அப்புறம் எவனும் வாசல்ல நிக்க விடமாட்டான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மேஸ்திரி எழுந்தார்.

அவர் குடியிருந்தது மில் லைன் வீடு. வேலை போனால் மாதக் கடைசிக்குள் அதுவும் போய்விடும். சாயங்காலம் நானும் போய் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். மனைவி கனகாம்பா கெஞ்சவில்லை, விளாசினாள்.

"ஒரு வார்த்தை. கை தவறிச்சு. எழுதினா வெரலு தேஞ்சுடுமா? புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிக்கறது?"

மேஸ்திரி வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி முடித்தார். "ஊரு பூரா கேட்டுச்சு இல்ல கனகா. நான் கை தவறிச்சுன்னு எழுதினா, அந்தப் பொண்ணு கல்யாணம் கை தவறி நடந்த கல்யாணம்னு ஆயிடும். என்னிக்காவது ஒரு சண்டையில அவ மாமியாக்காரி சொல்லிக் காட்டுவா."

கனகாம்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பரண்மேல் இருந்த கோணிகளை இழுத்துக் கீழே போட்டாள். "பெரிய அண்டாவை நான் தூக்கிக்கறேன். அம்மிக்கல்லு உன் பொறுப்பு" என்றாள். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது நான் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தேன் என்றே இன்றும் நம்புகிறேன்.

டிஸ்மிஸ் ஆர்டரை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டு, பாவம், யாரோ ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று பாதி மில் வருத்தப்பட்டது. மேஸ்திரிக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்ததே அன்றுதான் தெரியும்.

குடும்பம் நீலசந்திராவில் கனகாம்பாவின் தம்பி வீட்டு முன்னறைக்குப் போயிற்று. மேஸ்திரி வேலை தேடினார். சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று யார் கேட்டாலும் அந்த டிஸ்மிஸ் ஆர்டரையே மடிப்புக் கலையாமல் நீட்டுவார். "படிங்க. இதுல ஒரு எழுத்து பொய் கெடையாது."

காக்ஸ் டவுன் பிஸ்கட் கம்பெனி சாயபு படித்துவிட்டு, "அரே மேஸ்திரி, இத்துல உன்னே தொரத்திட்டாங்கன்னுல்ல எழுதிருக்கு?" என்றார்.

"ஆமா பாய். ஏன்னு கேளுங்க."

கேட்டார். கேட்டு முடித்தபோது தாடியிலிருந்த மைதாவெல்லாம் உதிர்ந்துபோகும்படி சிரித்தார். கைநிறைய ரஸ்க் கொடுத்து, "நம்ம பொண்ணு நிக்காவுக்கு சொல்லி அனுப்பறேன், வந்துடு. வேலை மட்டும் கேக்காதே" என்று அனுப்பினார். டென்ட் கொட்டகையில் இன்டர்வல் மணி அடிக்க ஆள் தேவைப்பட்டது. "படம் மோசமா இருந்தா முன்னாடியே உட்டுடலாமா?" என்று மேஸ்திரி யோசனை கேட்டார். அந்த வேலையும் போயிற்று. கன்னடப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், "கெலச யாகப்பா பிட்டே?" என்றார். வேலையை ஏன் விட்டாய் என்று அர்த்தம். "பிடலில்ல ஸ்வாமி, பிடிசிதரு" என்றார் மேஸ்திரி. நானாக விடவில்லை, விட வைத்தார்கள். ஹெட்மாஸ்டர் இலக்கணத்துக்கு முழு மார்க் கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை.

மாதங்கள் ஓட ஓட மைத்துனன் பொறுமையும் கரையத் தொடங்கியது. மேஸ்திரி சாப்பிட உட்காரும்போதெல்லாம், "மாமா, டைம் என்னா?" என்று கேட்பான். அவர் கடிகாரத்தை எடுத்து மரியாதையாகச் சொல்வார். அவன் சிரித்துக்கொண்டே சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். கனகாம்பா தலை நிமிராமல் சோறு போடுவாள்.

அந்தச் சமயத்தில் தாவணகெரேயில் ஒரு மில்லுக்குப் பாய்லர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். வீடும் உண்டு. அதன் முதலாளி சாவ்கார் பெங்களூர் சிக்பேட்டையில் தன் பஞ்சு மண்டிக்கு வந்து தங்கியிருந்தார். ஆனால் ரெபரன்ஸ் கேட்கிறவர்.

"அப்படின்னா?" என்றார் மேஸ்திரி.

"உங்களைப் பத்தித் தெரிஞ்ச ரெண்டு பேர். நீங்க எப்படிப்பட்டவர்னு அவங்க சொல்லணும்."

"பெரிய மனுசங்களா இருக்கணுமா?"

"தெரிஞ்சவங்களா இருந்தா போதும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சிக்பேட்டைக்கு நானும் போனேன். மேஸ்திரி தலைப்பாகையோடு வந்தார். பின்னால் ராஜாத்தி, நிறைந்த வயிறோடு. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், இன்னும் அந்தச் சங்கின் மிரட்சி முகத்தில் மீதியிருக்க. சாவ்கார் டிஸ்மிஸ் ஆர்டரைப் படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ரெபரன்ஸ் எல்லப்பா?" எங்கே என்று கேட்டார்.

"இவங்கதான். நேராவே கேட்டுக்கங்க."

சாவ்காருக்குத் தமிழ் புரியும். ராஜாத்தியும் அவருக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இவரு ஊதின சங்குலதான் எனக்குத் தாலி ஏறிச்சு சாவ்காரே. அது ஒழுங்கீனம்னு இந்தக் காயிதம் சொல்லுது. அப்ப எனக்குக் கல்யாணமே ஆவலன்னு அர்த்தம். இந்த வயித்துக்கு நான் என்னா பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். புருஷன் சம்பந்தமில்லாமல் கும்பிட்டான். சாவ்கார் காகிதத்தை மடித்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம மில்லுல யாரு வீட்லயாவது கல்யாணம்னா, ஊதுவியா?"

மாட்டேன் என்று சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் அலறினேன். மேஸ்திரி நன்றாக யோசித்தார். வேலை, வீடு, மைத்துனன், எல்லாம் அந்த யோசனையில் தொங்கின.

"மேளக்காரன் வந்துட்டா ஊத மாட்டேன்" என்றார்.

சாவ்காரின் தொப்பைதான் முதலில் சிரித்தது. பிறகுதான் அவர். "ஒண்ணாந்தேதி வந்துடு" என்றார்.

சிட்டி ஸ்டேஷனில் பாதி ஜீவனஹள்ளி கூடியிருந்தது. முனியம்மா ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கனகாம்பா அண்டாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே யாரையோ மன்னித்தவள்போலப் பார்த்தாள். அவள் அன்றைக்கு அழகாக இருந்தாள். எனக்கும் அந்த மில் அலுத்துப்போயிருந்தது. வேறு எங்காவது போய்விடவேண்டும் என்று கொஞ்ச நாளாக ஒரு தவிப்பு. அதை யாரிடமும் சொன்னதில்லை. வண்டி அசைந்தது. மேஸ்திரி ஜன்னல் வழியே கையை நீட்டி என் தோளைப் பிடித்தார். நான் கூடவே நடந்தேன்.

"தம்பி, உனக்கு இந்த மில்லு ஒத்துவராது, மொகத்துலயே தெரியுது. வேற எடத்துக்குப் போறப்ப, உன்னை யாருக்குத் தெரியும்னு கேப்பானுங்க. தயங்காத. என் பேரைச் சொல்லு."