சிமென்ட் வேண்டாம், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா சௌக்கியம், வீடு சௌக்கியம், என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் உங்கள் சிமென்ட் கலக்கும் மெஷினும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பேச வேண்டியதையெல்லாம் பேசி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே புகுந்து பேச முடியாது பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்குச் சிமென்ட் தளம் போட வருவதாக இருந்தீர்களே, வர வேண்டாம். மூட்டைகளை வண்டியில் ஏற்றியிருந்தால் இறக்கிவிடுங்கள். போன தடவை வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. உங்கள் அக்கா மழைச் சேற்றில் வழுக்கித் துவைத்த துணியோடு விழுந்து எழுந்த மறுநாள் அது. கடப்பாரையால் தரையில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, "இது மண்ணே இல்லக்கா, பாறை. மாமா அளப்பாரே தவிர ஒரு செடி நடமாட்டார். பேசாம சிமென்ட் போட்டு மூடிரலாம்" என்றீர்கள். ஆயுசு முழுக்க ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டுக் கொடுத்தவனைப் பார்த்து நீங்கள் சொன்னதுகூடப் பரவாயில்லை. அதற்கு உங்கள் அக்கா சிரித்தாள். வருஷா வருஷம் குளிர் விட்டதும் தோட்டம் போடுகிறேன் என்று நான் சொல்வதும், வெயில் ஏறியதும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நாற்காலியில் சாய்வதும் அவளுக்குப் பழகிப்போன விஷயம். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. சிரித்து முடித்துக் கெடுவும் வைத்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பின்பக்கத்தில் பச்சையாக ஏதாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் தம்பியை வரச்சொல்லிவிடுவேன் என்று.

நேற்று சனிக்கிழமை காலையில் நான் மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். குளிர்காலத்துக் காற்றில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கும் நடுவிலிருந்த மரவேலி சாய்ந்து கிடந்தது. அவர் நாயையும் கூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் மாசக்கணக்காகிறது, அதனால் கேட்பாரில்லை. பாதி விழுந்து பாதி நிற்கும் வேலியை வைத்துக்கொண்டு நூல் பிடிக்க முடியாது. மீதி நின்ற கம்பங்களையும் நானே பிடுங்கி, பலகைகளையும் சேர்த்துக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன். உங்கள் அக்கா ஜன்னல் வழியாக, "வேலியைப் பிடுங்கிட்டா நம்ம எடம் எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் பாருங்கள். வேலி என்பது தச்சர் போட்டது, எல்லை என்பது அளவையில் வருவது என்று விளக்கினேன். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அளக்க ஆரம்பிப்பதற்கு ஒரு நிலையான புள்ளி வேண்டும். இந்த வீட்டை வாங்கிய புதிதில் மூலையில் ஓர் இரும்புக் கம்பி அடித்துவைத்த ஞாபகம் எனக்கு இருந்தது. தேடினேன், கிடைத்தது. நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் அதே கம்பி, புல்லுக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. தலையில் ஒரு வளையம் வேறு. அளவு நாடாவின் கொக்கியை மாட்டுவதற்காக அந்தக் காலத்திலேயே வளையம் வைத்து அடித்திருக்கிறேன் என்றால் என் முன்யோசனையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நூல் பிடித்தேன், முளை அடித்தேன், மூலைக்கு மூலை சரிபார்த்தேன். ஒரு விரல்கடை பிசகு இல்லை. இடமும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. காபி கொண்டுவந்த உங்கள் அக்கா கம்பியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், கொடிக்கம்பியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நம்ம இடம் இவ்வளவு பெரிசா என்று மட்டும் கேட்டாள். ஒழுங்காக அளந்தால் எல்லா இடமும் பெரிசுதான் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனாள். அவளை மறுபேச்சில்லாமல் உள்ளே அனுப்பியதே எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

இனி உங்கள் பாறைக்கு வருகிறேன். புது எல்லைக்குள் மண்வெட்டியை வைத்தேன் மாப்பிள்ளை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. கறுப்பு மண், பொலபொலவென்று உதிர்கிறது, புரட்டின இடமெல்லாம் மண்புழு. இதைப் போய்ப் பாறை என்றீர்களே, கடப்பாரையை எந்தப் பக்கமாகப் பிடித்தீர்கள்? நடுவில் சின்ன வெங்காயம் மாதிரி ஏதோ கிழங்கு வரிசை வரிசையாகக் கிடந்தது. பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன களையாக இருக்கும் என்று வாளி வாளியாகத் தோண்டி எருக்குழியில் கொட்டினேன். சங்கடங்கள் இல்லாமல் இல்லை. எரு மூட்டை காரின் பின்சீட்டிலேயே கிழிந்துவிட்டது, இரண்டு மூன்று மாதத்துக்கு யாரையும் அதில் ஏற்ற முடியாது. தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் பைப்பிலிருந்து கழன்று நான் பிடிப்பதற்குள் கொடியில் இருந்த துணியையெல்லாம் மறுபடி துவைக்க வைத்தது, அதைப் பிடிக்க ஓடியதில் என் நூலிலேயே கால் சிக்கி நான் குப்புற விழுந்தேன், விழுந்த இடத்தில் இருந்த தக்காளி நாற்று என் வயிற்றின் அளவுக்குப் படுத்துவிட்டது. அதற்கும் குச்சி கட்டி நிமிர்த்தினேன். தக்காளி, மிளகாய், கத்தரி, ஓரமாக அவரைக்குப் பந்தல், உங்கள் அக்காவுக்குப் பிடிக்குமே என்று ஒரு ரோஜாப் பதியன். எல்லாம் நூல் பிடித்த வரிசையில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நேர்கோடு.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் அக்கா வெகு நேரம் நின்று பார்த்தாள். ரோஜாவுக்குப் பக்கத்தில் குனிந்து மண்ணைத் தொட்டாள். பிறகு, "நல்லா இருக்குங்க" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வசந்தம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குச் சிமென்ட் இறுகுவதற்குக் காத்திருந்துதான் பழக்கம். அவளே நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு என்னை உட்காரவைத்தாள். என்னால் உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவும் முடியவில்லை, ஆனால் சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஆகவே, மாமா செடி நட மாட்டார் என்று சொன்ன வாயை வருகிற கோடைக்கு என் தோட்டத்துத் தக்காளியால் அடைக்கிறேன். அதுவரை உங்கள் தொழில் விருத்தியாகட்டும், மெஷின் நிற்காமல் ஓடட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெற்றியிலும் பணிவை மறக்காத
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் திங்கட்கிழமை விடிந்துவிட்டது. பல் டாக்டர் ஊரிலிருந்து வந்துவிட்டார். நாயை அவிழ்த்துவிட்டதும் அது நேராக ஓடிவந்து என் மிளகாய் வரிசையை மிதித்துக்கொண்டு போய் எல்லைக் கம்பியின் வளையத்துக்குப் பக்கத்தில் சொந்த வீட்டுக்கு வந்த நிம்மதியோடு படுத்துக்கொண்டது. டாக்டர் பின்னாலேயே கழுத்துச் சங்கிலியோடு வந்து அதை வளையத்தில் மாட்டினார். சரியாகப் பொருந்தியது. பிறகு என் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "நான் வருஷக்கணக்கா வளத்த பூக்கிழங்கெல்லாம் எங்க சார்?" என்று கேட்டார். எருக்குழியைக் காட்டினேன். என் தொழிலில்கூட நான் இவ்வளவு பிடுங்கியதில்லை என்றார். நல்ல மனுஷர், நட்ட நாற்றைக் கிளப்பினால் பட்டுப்போகும், இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். கிழங்கையெல்லாம் நான் மறுபடி நட்டுக் கொடுக்க வேண்டும், வேலியையும் நிறுத்திக் கொடுக்க வேண்டும்.

ஆக, நான் போட்ட தோட்டம் முழுக்க அவர் வீட்டில் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது நீங்கள் சொன்ன பாறை. எனக்குத் தலை நிமிரவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், உங்கள் அக்கா கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காபி கொண்டுவந்தபோதே அவளுக்குத் தெரியுமாம், கொடிக்கம்பிக்கு அந்தப் பக்கமெல்லாம் டாக்டர் இடமாம். பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். "நீங்க இவ்வளவு சந்தோஷமா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லீங்க. அதைப் போய்க் கெடுக்க மனசு வரல" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெளியே சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டு, என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நம் பக்கத்துப் பாறையில் அவளே கொத்த ஆரம்பித்துவிட்டாள். ரோஜாவை இந்தப் பக்கம் வைத்தே தீர வேண்டுமாம். இப்போதும் சத்தம் கேட்கிறது.

அதனால் சனிக்கிழமை அவசியம் வாருங்கள். சிமென்ட் வேண்டாம், கடப்பாரை கொண்டுவாருங்கள், பெரிசாக. என் அளவு நாடாவை உங்கள் அக்கா ஒளித்துவைத்துவிட்டாள், நீங்களும் கொண்டுவர வேண்டாம். எல்லை எது என்று இனிமேல் அந்த நாயைக் கேட்டுக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது.